வாய்ச்சொல்லால் வந்த காணியில் முதல் வீடு

தறப்பாள் கொட்டில்களில் வளர்ந்த எமது சிறுமிகள் இன்று தாய்மாராகிவிட்டார்கள். தமக்கென ஒரு வீடு வேண்டும் என்பது இவர்களுடைய நியாயமான ஆசை. அதற்குக் கையில் காசில்லை என்பதும் உண்மை. 2021இன் நடுப்பகுதியில் 1,000 ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. பின்னர் இறங்கினாலும் பழைய விலைக்கு வரவில்லை. ஆனால் வன்னியில் பல இளம் குடும்பங்களுக்குக் காசுக்கு முன்னரே வேறொரு தடை வந்து நிற்கிறது. வீடு கட்ட நினைக்கும் காணி அவர்களுடைய பெயரில் இல்லை.

2012 ஒக்டோபரில் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், புதிதாக வீடு கட்டும் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர்கள் பெற்றோர். அப்போது 12 வயதாயிருந்த மகள் குடும்பப் பதிவில் ஒரு பெயர் மட்டுமே. இன்று அவள் உதவி கேட்டுப் போனால், "உங்கட வளவுக்கு ஒரு வீடு குடுத்தாச்சுத்தானே பிள்ளை" என்கிறார்கள்.

எமது குடியேற்றத் திட்டக் காணிகளிற் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் அனுமதியின்றி இவற்றை விற்கவோ, ஈடு வைக்கவோ, துண்டாடிக் கொடுக்கவோ முடியாது. கலியாணத்தின்போது "கிழக்குப் பக்கம் கால் ஏக்கர் உனக்கு" என்று ஐயா சொல்வது அன்பான சொல்தான். முத்திரை ஒட்டி எழுதிக் கொடுத்தாலும் அது உறுதியாகாது. வங்கியும் அதை நம்பிக் கடன் தராது. கடைசியில் நுண்நிதிக் கடன்காரர் வாசலுக்கு வருகிறார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி தாலிக்கொடியை அடைவு வைத்து அத்திவாரம் போட்டார். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது தகப்பனார் காலமானார். பின்னுரித்தாளர் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. "பெர்மிட் எனக்குத்தான் வரும்" என்று தமையன் மறித்தார். அவர் கொடியவர் அல்லர்; அவருக்கும் மூன்று பிள்ளைகள், இருக்க இடமில்லை. இன்று அந்தச் சுவரில் பாசி படர்ந்திருக்கிறது. மாமியார் வீட்டில் ஒரே அறையில் இருந்துகொண்டு, தையற்கூலியில் அடைவு வட்டி கட்டுகிறார் சகோதரி.

பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் மூத்த ஆண்மகனுக்கே முதலிடம் என்ற பழைய ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டு, ஆண் பெண் பாகுபாடு நீக்கப்பட்டது. நல்ல மாற்றம்தான், ஆயினும் அதை நம்பிச் சும்மா இருத்தல் ஆகாது. தகப்பனார் உயிருடன் இருக்கும்போதே பின்னுரித்தாளர் நியமனம் எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்படவும் வேண்டும். அவர் இறந்த பின்னர் பதிந்தால் செல்லாது. "ஐயா செத்துப் போவார் எண்டு நினைச்சோ கேக்கிறாய்?" என்று வீட்டில் கோபிப்பார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொண்டு கேளுங்கள். அண்ணன் தம்பிமாரையும் கூட இருத்திப் பேசுங்கள்.

பெர்மிட்டை எடுத்து வாசித்தும் பாருங்கள். காணியை எவ்வளவுக்குக் கீழே துண்டாடக் கூடாது என்று அதிற் குறித்திருக்கும். உங்கள் பங்கு அதிலும் சிறிதென்றால், அத்திவாரம் வெட்டமுன் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? பெர்மிட் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் பேரேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். போரில் அலுவலகப் பதிவுகளும் அழிந்த இடங்கள் உண்டு. அங்கே அலைச்சல் கூடும்.

தந்தை காணாமற்போன வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். பெர்மிட் அவருடைய பெயரில் இருக்கும். மரணச் சான்றிதழ் எடுக்க அம்மாவுக்கு மனம் வராது. வீட்டுக்காக அவரை யாரும் நெருக்கவும் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழியுண்டு. அதனை வைத்துக் காணி அலுவலில் என்ன செய்யலாம் என்பதை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காணி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.