ஓர் அங்குலம் மூன்று நூல்

நாமக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்து ஆறு மாதம் நிறைவதற்குள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த அலமாரிக் கதவொன்று பிடிப்பக்கம் தாழ்ந்து, பக்கத்துக் கதவின்மேல் உரசத் தொடங்கிற்று. அதைச் செப்பனிட வந்த முதிய ஆசாரி, வந்ததும் திருப்புளியைத் தேடவில்லை, மூலைமட்டத்தையும் பென்சிலையும் எடுத்து, கதவின் மேல்விளிம்பிலிருந்து கீல்கள் இருக்கும் தூரத்தை நிதானமாக அளந்து, "ரெண்டு கீலும் கிட்டக் கிட்ட ஒக்காந்திருக்குதுங்க, பாரம் எப்படித் தாங்கும்?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் யந்திர சாஸ்திரத்தின் ஆதாரமான விதியொன்று அடங்கியிருக்கிறது.

அந்தக் கதவு 450 மில்லிமீட்டர் அகலமும் 700 மில்லிமீட்டர் உயரமும் 19 மில்லிமீட்டர் கனமும் உடைய பிளைவுட். எடை ஏறத்தாழ 4 கிலோ. அந்த எடை முழுவதும் கதவின் நடுவில், அதாவது கீல்வரிசையிலிருந்து 225 மில்லிமீட்டர் தள்ளி நின்று கீழ்நோக்கி இழுப்பதால், மேற்கீல் அலமாரியின் பக்கப்பலகையிலிருந்து பிடுங்கப்படுவதும் கீழ்க்கீல் அப்பலகையை நோக்கி அழுத்தப்படுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. மேலிருந்து 100, கீழிருந்து 100 மில்லிமீட்டரில் கீல்களை வைத்தால் இடைவெளி 500. அப்போது மேற்கீலின்மேல் விழும் இழுவை 1.8 கிலோ. எங்கள் கதவில் இருந்ததுபோல் இடைவெளி 250 ஆகக் குறைந்தால், அதே இழுவை 3.6 கிலோவாகிவிடும். கதவின் அகலத்தை இருமடங்காக்கினாலோ, பாரமும் இருமடங்காகி, அந்தப் பாரம் தொங்கும் தூரமும் இருமடங்காவதால், இழுவை நான்கு மடங்காகப் பெருகும். அகலமான ஒற்றைக் கதவைக் காட்டிலும் ஒடுக்கமான இரட்டைக் கதவு நெடுநாள் நிற்பதன் காரணம் இதுவே. எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளில் ஓட்டுநர் கதவுக்குக் கீல் வைப்பவரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவரே.

நம் முன்னோர் இதை அநுபவத்தால் அறிந்திருந்தனர். பழைய வீடுகளில், இரும்புக் கீலே இல்லாமல், கதவின் மேலும் கீழும் நீண்ட குடுமிகள் நிலையின் குழிகளில் சுழலும்படி அமைத்த கதவுகளைக் கண்டவர் பலர். இரு குடுமிகளுக்கும் இடையே கதவின் முழு உயரமும் இருப்பதால், அதைவிடப் பெரிய இடைவெளியை எந்தக் கீலாலும் பெற முடியாது.

ஆயினும் குடுமிக்கு ஓர் எல்லை உண்டு. அதன் அச்சு ஓரிடத்தில் நிலைத்தது; கதவோடு கதவு நெருங்கி நிற்கும் இன்றைய சமையலறையிலோ, அப்படிப்பட்ட அச்சை அலமாரிக்குள் மறைத்து வைத்தால், திறக்கும் கதவின் விளிம்பு அடுத்த கதவை முட்டும். ஆசாரிமார் 'ஆட்டோ ஹிஞ்சு' என்று சொல்லும் மறைகீல், கதவில் பதிந்த கிண்ணத்தையும் பக்கப்பலகையில் பொருந்திய கையையும் இரண்டு சிறு இணைப்புகளால் கோத்து, நான்கு முளைகளில் சுழல்வதால், சுழற்சியின் மையம் கணந்தோறும் இடம்மாறுகிறது. கதவு முதலில் சற்றே முன்வந்து விலகி, பிறகு திரும்புகிறது. நம் முழங்காலும் இத்தகையதே. குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு தசைநார்கள் அங்கே அவ்விணைப்புகளின் தொழிலைச் செய்கின்றன. மூட்டுநோயைக் கீல்வாதம் என்று நம் மொழி பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

இக்கீலுக்கு அளவே உயிர். கிண்ணத்தின் விட்டம் 35 மில்லிமீட்டர். குழியின் ஆழம் ஏறத்தாழ 12. ஆகவே 19 மில்லிமீட்டர்க் கதவில் எஞ்சும் கனம் 7 மட்டுமே. கதவின் ஓரத்துக்கும் கிண்ணத்தின் ஓரத்துக்கும் 5 விட்டால், துளையின் மையம் 22.5இல் விழும். பக்கப்பலகையில் தகடு அமரும் துளைகள் முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டரில், ஒன்றுக்கொன்று 32 இடைவெளியில் அமைகின்றன.

அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்து அளக்கும் எங்கள் பக்கத்து ஆசாரிமாருக்கு இவ்வளவுகள் அந்நியமல்ல. ஓர் அங்குலம் மூன்று நூல் என்பது 34.925 மில்லிமீட்டர், ஏழு நூல் 22.225, ஆறு நூல் 19.05. ஆனால் 32க்குப் பதிலாக ஓர் அங்குலம் இரண்டு நூல் எடுத்தால் அது 31.75, கால் மில்லிமீட்டர்தானே என்று எண்ணி, தட்டுத்தாங்கிகளுக்காக ஒரு துளையிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், இருபதாவது இடைவெளியில் பிழை 5 மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். 1956இல் நாடாளுமன்றம் தசம அளவைச் சட்டம் இயற்றிய பின்பும் பட்டறையில் நூல் வாழ்கிறது, அதில் குற்றமில்லை. குற்றம், பிழையின்மேல் பிழையை ஏற்றுவதில் இருக்கிறது. "எல்லாத் துளையும் ஒரே ஓரத்துலிருந்து அளக்கோணுமுங்க, துளையிலிருந்து துளைக்கு அளந்தா அளவு நடந்து போயிருமுங்க" என்று ஆசாரி சொன்னது அளவியலின் சாரமாகும்.

அளவோடு காலத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். சித்திரை வெயிலில் வறண்ட மரம் ஐப்பசி மழையில் ஈரம் உறிஞ்சி, ரேகைக்குக் குறுக்கே பருக்கும். 450 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் கூடினால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வரை அகலக்கூடும். வேனிலில் நெருக்கமாக மாட்டிய கதவுகள் மழைக்காலத்தில் முட்டிக்கொள்வது இதனாலேயே. மாறிமாறி ரேகை திருப்பி ஒட்டிய பிளைவுட் இவ்வளவு அசையாது. கீலுக்கோ துருவே பகை. நிக்கல் பூசிய இரும்பு, பூச்சு தேய்ந்த இடத்தில் துருவேறும். எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியமோ, கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்லிய காப்புப்படலத்தைத் தானே மீண்டும் போர்த்திக்கொள்ளும். 1981 முதல் அந்த உலோகத்தைத் தகடாக உருட்டித் தரும் உருக்காலை சேலத்திலேயே இருக்க, தொட்டிக்கு அருகிலுள்ள கதவுகளுக்கேனும் எவர்சில்வர்க் கீலைக் கேட்டு வாங்குவது நமக்கு அழகு.

ஆசாரி பழைய குழிகளை மரவட்டம் வைத்து அடைத்து, மேலும் கீழும் 100 மில்லிமீட்டரில் புதிய குழி தோண்டி, கதவை மாட்டி, சரிசெய்யும் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, கதவுகளுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடும்வரை ஓயவில்லை. போகும்போது, தாம் அளவுக்காகத் துளையிட்டு வைத்திருந்த பிளைவுட் பட்டையை, "அடுத்த கதவுக்கு ஆகுமுங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அதன் ஒரு முகத்தில் நூற்கணக்கும் மறுமுகத்தில் மில்லிமீட்டரும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டுமே ஒரே ஓரத்திலிருந்து தொடங்கின.