மஞ்சள் கடுதாசி

"அவரா? மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராமே!" என்று யாராவது சொன்னால், அடுத்த வார்த்தையைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசுகிறோம். திருட்டுக் கொடுத்தவரிடம் ஊருக்கு அனுதாபம் உண்டு. கடனில் மூழ்கியவரிடம் இல்லை. ஆனால், சகோதரிகளே, இன்சால்வென்ஸி மனு என்பது குற்றவாளிகளுக்காக ஏற்பட்டதல்ல. தீர்க்கவே முடியாத கடனில் விழுந்தவர் கோர்ட்டுக்குப் போய், "கொடுக்க வேண்டியது இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு" என்று ஒளிக்காமல் சொல்வதற்குச் சட்டம் வைத்திருக்கும் வழி அது. கடன்பட்ட பெண்ணும் மனுப் போடலாம்.

சென்னை நகருக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருஷத்துச் சட்டம். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. அதில் தனி மனிதர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. கிரெடிட் கார்டிலும் கைமாற்றிலும் சிக்கிய சாதாரணக் குடும்பஸ்தருக்குப் பழைய சட்டந்தான் கதி. ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது அது! அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றோ ஒரு நாள் காய்கறிப் பையோடு கரைந்துவிடும்.

கோர்ட்டு ஒருவரை இன்சால்வெண்ட் என்று தீர்மானித்ததும் அவருடைய சொத்து ரிஸீவர் வசம் போகிறது. சென்னையில் அவருக்கு அபிஷியல் அஸைனி என்று பெயர். சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவது அவர் வேலை. அதன்பின் கடன் கொடுத்தவர் கோர்ட்டின் அனுமதியில்லாமல் தனியாக வழக்குப் போட்டு நெருக்க முடியாது.

"எல்லாம் போய்விட்டால் குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?" என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் போகாது. 1920-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஜப்தி செய்யக் கூடாத பொருளை ரிஸீவரும் தொடக் கூடாது. கணவன், மனைவி, குழந்தைகளுக்கு அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், பிராவிடெண்ட் பண்டு, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணம். தாலியை நினைத்துக் கலங்க வேண்டாம். பிறந்த வீட்டில் உங்களுக்குப் போட்ட நகையும் உங்களுடைய சொத்தே தவிர அவருடையதல்ல. ஆனால் அடகுக் கடையில் இருக்கும் நகை வேறு சமாசாரம். அடகு பிடித்தவருடைய உரிமையையும், வீட்டை ஈடாக வாங்கிய பாங்கியின் உரிமையையும் இந்த மனு தொடுவதில்லை.

சிலர் ஒரு யோசனை சொல்வார்கள்: "முதலில் வீட்டைச் சம்சாரத்தின் பேருக்கு எழுதி வைத்துவிடு, அப்புறம் மனுப் போடு!" கேட்காதீர்கள். பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தாக இருந்து, இரண்டு வருஷத்துக்குள் விவகாரம் கோர்ட்டுக்கு வந்தால், அந்தப் பத்திரம் ரத்தாகக் கூடும். வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடைசி நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வம்புதான்.

மனுப் போட்ட அன்றைக்கே கடன் தீர்ந்துவிடுவதில்லை. 'டிஸ்சார்ஜ்' உத்தரவு வாங்க வேண்டும். ஈடில்லாத கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது சொத்து தேறாவிட்டால், அது தன் குற்றமல்ல என்று கடனாளி கோர்ட்டைத் திருப்திப்படுத்த வேண்டும். வியாதி, தொழில் நஷ்டம் என்றால் சொல்லிக்கொள்ள இடமுண்டு. சூதாட்டம், ஊதாரிச் செலவு என்றால் கஷ்டந்தான். அதுவரையில், தாம் இன்சால்வெண்ட் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். மளிகைக் கடைப் பற்றுக்கூட ஐம்பதைத் தாண்டுமே! டிஸ்சார்ஜ் ஆனபின்னும் சர்க்கார் பாக்கியும், மோசடி செய்து பட்ட கடனும், ஜீவனாம்ச உத்தரவும் தொடர்ந்து வரும்.

எல்லாவற்றையும்விட நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிஸ்சார்ஜ் கிடைப்பது அவருக்கு மட்டுமே. அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவருக்கும், ஜாமீன் நின்றவருக்கும் அது விடுதலை தராது. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று அவர் நீட்டியபோது, அடுப்பில் குழம்பு கொதிக்கிற அவசரத்தில் படிக்காமலே போட்டுக் கொடுத்திருப்பீர்கள். அவர் பெயரில் கடன் கழிந்த பிறகும் அந்தக் காகிதத்தின் பேரில் உங்களுக்கு நோட்டீஸ் வரலாம். பணப் பாக்கிக்கான டிக்ரியில் பெண்ணைக் கைது செய்ய முடியாது. ஆனால் உங்கள் சொத்தை ஜப்தி செய்யலாம்.

ஆகையால் வக்கீலைப் பார்க்க அவர் தனியாகப் போக வேண்டாம். நீங்களும் கூடப் போங்கள். பாங்கி, சீட்டுக் கம்பெனி, பக்கத்து வீட்டுக் கைமாற்று, போனில் வாங்கிய கடன் என்று ஒன்று விடாமல் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து உள்ள காகிதங்களைத் தனியே பிரித்து மேலே வையுங்கள். உங்கள் பெயரிலும் ஒரு மனுப் போட வேண்டியிருக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.