99 சதவீதம் பேருக்குத் திருப்தியாம்!

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் 1999இல் நடந்த விற்பனைகளைப் பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் ‘நெகட்டிவ்’ 0.6 சதவீதம்தான், 99 சதவீதத்துக்கு மேல் பாராட்டு. முகம் தெரியாத ஆளுக்குப் பணத்தை அனுப்பிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கும் வியாபாரத்தில் இத்தனை பேருக்குத் திருப்தி என்றால், சந்தேகப்பட வேண்டியது அந்தத் திருப்தியைத்தான்.

அன்றைய ஏற்பாட்டில் விற்றவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடலாம். போட்டது உடனே எதிராளிக்குத் தெரிந்துவிடும். விவரமான விற்பனையாளர் முதலில் வாய் திறக்க மாட்டார். கேமராவில் கீறல் என்று நீங்கள் நெகட்டிவ் போட்டால், ஒழுங்காகப் பணம் கட்டிய உங்களுக்கும் பதிலுக்கு ஒன்று விழும். அப்புறம் பேரம்: “நீங்கள் எடுங்கள், நானும் எடுத்துவிடுகிறேன்.” இருவரும் சம்மதித்தால் மதிப்பெண்ணைத் திரும்பப் பெறப் பிற்பாடு தளமே வழி செய்து கொடுத்தது. ஏமாந்தவரின் கணக்கு சுத்தமாகிவிடும், ஏமாற்றியவரின் கணக்கும்தான். அடுத்து வாங்க வருபவர் பார்க்கும் மதிப்பெண்ணில் அந்த எச்சரிக்கை இருக்காது.

2008 மே மாதம் ஈபே விதியை மாற்றியது. வாங்குபவருக்கு இனி விற்பனையாளர் நல்ல கருத்து மட்டுமே போடலாம். இந்த மாற்றத்தையும் கட்டண மாற்றங்களையும் எதிர்த்து, அந்தப் பிப்ரவரியிலேயே விற்பனையாளர்கள் சிலர் ஒரு வாரம் கடையடைப்பு நடத்தியிருந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவரையோ, உபயோகித்துவிட்டுப் பொருளைத் திருப்புபவரையோ பற்றி மற்ற வியாபாரிகளை எச்சரிக்க வழியில்லாமல் போயிற்று. சாட்டை கைமாறியது, அவ்வளவுதான். ‘பாதிப் பணத்தைத் திருப்பித் தா, இல்லாவிட்டால் நெகட்டிவ்’ என்று வாங்குபவர் மிரட்டுவதைத் தடுக்க ஈபே தனி விதியே வைத்திருக்கிறது.

வீடுகளைத் தங்க வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பி 2014இல் கொண்டுவந்த முறை இதைவிட நேர்மையானது. வீட்டுக்காரர், விருந்தினர் இருவரும் எழுதி முடித்த பிறகோ, 14 நாள் கெடு தீர்ந்த பிறகோதான் கருத்துகள் வெளியே தெரியும். பழிவாங்க முடியாது. ஆனால் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசுகிறவர்களை அதுவும் ஒன்றும் செய்ய முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, பேசாமல் போகிறவர்கள். கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் இருவரும் ஈபே கணக்குகளை ஆராய்ந்தபோது, பாதி விற்பனையாளர்களுக்கு 100 சதவீத நற்பெயர் இருந்தது. கசப்பான அனுபவம் கண்ட பலர் ஒன்றுமே எழுதாமல் விலகிவிட்டார்கள். கருத்தே வராத விற்பனைகளையும் கணக்கில் சேர்த்தால்தான் ஒருவரின் உண்மையான தரம் தெரிந்தது. அந்தக் கணக்கு அப்போது வாங்குபவர்களுக்குக் காட்டப்படவில்லை.

நம் ஊருக்கு வரும் பார்சல்களிலும் சில சமயம் ஒரு சின்ன அட்டை இருக்கும்: ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பணம். விலைக்கு வாங்கிய கருத்து கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் தளங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது.

இன்னொரு தந்திரம், நன்றாக விற்கும் பழைய பொருளின் பக்கத்தோடு புதுப் பொருளை இணைத்து, அதன் நட்சத்திரங்களை இதற்கு மாற்றிக்கொள்வது. அமேசானில் இப்படிச் செய்ததாக பவுண்டிஃபுல் என்ற வைட்டமின் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2023இல் 6 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஆகவே 4.5 என்ற சராசரியைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். புதியவை முதலில் வருமாறு மாற்றி, ஒன்று, இரண்டு நட்சத்திரக் கருத்துகளைப் படியுங்கள். படத்தில் இருப்பது நீங்கள் வாங்கப்போகும் அதே பொருள்தானா என்று பாருங்கள். பொருளைத் திருப்பியும் பணம் வரவில்லை என்ற ஒரே புகார் வேறுவேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தால், அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.