போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம் ஒரு பழைய ஈயக்கப்பல் நிற்கிறது. 1938-இல் கட்டியது, 4,500 டன் எடை. 1982-இல் அதன் வேலை ஓய்ந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தையே சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. அதே காலகட்டத்தில் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால்மரங்கள் சாய்ந்தன. செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இந்த மாற்றத்தின் வரவுசெலவைப் பலர் எழுதிவிட்டார்கள். அது மனிதர்களின் உடம்புக்குள் என்ன செய்தது என்பதைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஆனா எழுந்து ஒரு வேலை செய்யலாம்னா கைகால் வரமாட்டேங்குது.” தோட்டத்தை விட்டு வந்த பெண்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் சொன்னது பதற்றம், அடுத்தது மனச்சோர்வு. ஒன்று உடம்பை முடுக்குகிறது, மற்றது முடக்குகிறது. இவை இரண்டும் ஒரே ஆளைப் பிடிப்பது அபூர்வம் என்றுதான் தோன்றும். உண்மையில் மனச்சோர்வுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பதற்ற நோயும் தொடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இரண்டும் கலந்த நிலைக்குத் தனிக் குறியீடே இருக்கிறது.

ஏன் சேர்ந்து வருகின்றன? அமெரிக்க மனநல மருத்துவர் கென்னத் கெண்ட்லர் வெர்ஜீனியாவில் இரட்டைப் பிறவிப் பெண்களை ஆராய்ந்து 1992-இல் ஒரு விடை சொன்னார். இரண்டு நோய்க்கும் மரபணுப் பின்னணி ஏறக்குறைய ஒன்றே. பரம்பரை தருவது பொதுவான ஒரு நொய்மையை மட்டும்தான். அது எந்தப் பக்கம் சாயும் என்பதை வாழ்க்கையில் நேர்பவை தீர்மானிக்கின்றன.

நேர்பவற்றில் எது எதைக் கொண்டுவருகிறது என்பதை லண்டனில் ஃபின்லே-ஜோன்ஸும் ஜார்ஜ் பிரவுனும் 1981-லேயே பிரித்துப் பார்த்திருந்தார்கள். பெரிய இழப்பைச் சந்தித்த பெண்களை மனச்சோர்வு பிடித்திருந்தது. பெரிய ஆபத்து தலைக்குமேல் தொங்கியவர்களைப் பதற்றம் பிடித்திருந்தது. இரண்டும் கலந்து வந்தவர்களின் கதையில் இழப்பும் ஆபத்தும் சேர்ந்தே இருந்தன. 2003-இல் கெண்ட்லர் குழு இதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தது. அவமானம் மனச்சோர்வின் பக்கம் தள்ளியது. ‘மாட்டிக்கொண்டேன், வெளியே வழியில்லை’ என்ற நிலையோ இரண்டும் கலந்த நோயை மட்டுமே முன்கூட்டிக் காட்டியது. இந்த வரியைப் படித்தபோது என் கண்முன் வந்தவை நம் தோட்டத்து வரிசைவீடுகளான லயங்கள்தான்.

தோட்டத்தில் வேலையோடுதான் வீடு வரும். பால் வெட்டும்வரை அந்த இரண்டு அறையும் சொந்தம் மாதிரி. வாசலில் முருங்கை நிற்கும், பின்னால் நாலு கோழி மேயும். தோட்டம் கைமாறினால் வேலைநீக்கக் கடிதமே வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் கடிதமும் ஆகிவிடும். கையிலிருந்த தொழில் மரத்தோடு போயிற்று. பட்டையைக் காயப்படுத்தாமல் ஒரே சீராகச் சீவி இறக்கும் அந்தக் கைத்திறனுக்குப் பட்டணத்தில் விலையில்லை. கோயில், தமிழ்ப்பள்ளி, அடுத்த லயத்து அக்கா எல்லாம் கைவிட்டுப் போகும், அது இழப்பு. அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவது என்பது ஆபத்து. மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் அத்துமீறிக் குடியிருப்பவர்கள் என்று பேர் வாங்குவது அவமானம். போக இடமில்லை, இருக்கவும் விடமாட்டார்கள். ஆய்வாளர்கள் தனித்தனியாக அளந்த நான்கும் ஒரே நாளில் வாசலுக்கு வந்தன.

இனி மூளைக்குள் போவோம், அங்கேதான் எனக்குப் பெரும் வியப்பு. 1967-இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்குத் தப்பமுடியாத மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு தப்பிக்க வழி திறந்திருந்தபோதும் பல நாய்கள் நகராமல் படுத்தே கிடந்தன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று உலகமே நம்பியது. அரைநூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் கோட்பாட்டைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் பிறவிக் குணம், அதைக் கற்கத் தேவையே இல்லை என்றார்கள். எலிகளில் பார்த்தபோது, மூளைத்தண்டில் சின்னஞ்சிறு நரம்புக் கொத்து ஒன்று செரடோனினைச் சுரந்து இரண்டு காரியம் செய்கிறது. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவைக் கூர்மையாக்குகிறது. போராடவும் ஓடவும் தூண்டும் பகுதியை அடக்கிவிடுகிறது. படபடப்பும் கைகால் வராமையும் ஒரே ஊற்றிலிருந்து! ‘என் செயலால் இது மாறும்’ என்பதை நெற்றிப்புற மூளை கண்டுகொள்ளும்போது அந்தக் கொத்து அடங்குகிறது. கற்கவேண்டியது அதைத்தான்.

உடம்பின் கடிகாரமும் சும்மா இருப்பதில்லை. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்து, விடியும் முன்பே ஏறத் தொடங்கும். மனச்சோர்வில் பலருக்கு அந்த ஏற்ற இறக்கம் குலைகிறது, விடியுமுன் விழிப்புத் தட்டுகிறது. பெரட்டுக்கு, அதாவது அதிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு, நேரமாயிற்று என்று இருட்டோடு எழுந்து பழகிய உடம்பு இப்போதும் எழுந்து உட்காருகிறது. போவதற்குத்தான் மரம் இல்லை.

பேராக்கில் உதவி தேடிப் போவதற்கு ஒரு தடையும் உண்டு. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு ‘பஹாகியா’, அதாவது ‘மகிழ்ச்சி’, என்று பெயர் வைத்தும், ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அந்த வசைக்குப் பயந்து பேசாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். தற்கொலை முயற்சிக்குத் தண்டனை விதித்த 309-வது சட்டப்பிரிவு 2023-இல்தான் நீங்கியது. இப்போது அரசுக் கிளினிக்குகளில் 21 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, பதற்றத்தையும் சோர்வையும் சேர்த்தே அளக்கிறது. 15555 என்ற உதவி எண்ணும் உண்டு. சிகிச்சைக்குப் போவோர் படபடப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை தேவைப்படுபவர்களில் பலருக்கு அது உதவும்.

ஆனால் மாத்திரையோடு காரியம் முடிவதில்லை. பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-லேயே காட்டியதுபோல, மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருந்த பெண்களைச் சோர்வு எளிதில் வீழ்த்தவில்லை. அடுக்குமாடி வீட்டின் மூடிய கதவுக்குப் பின்னால் நம் பெண்கள் இழந்தது அந்த ஆளைத்தான். கோவாவில் விக்ரம் பட்டேல் குழு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்காரவைத்தது. அங்கே வந்த நோயாளிகளில் கூடுதலானோர் குணமடைந்தார்கள் என்பது 2010-இல் வெளியானது. பத்து காஜாவிலும் சுற்றுப்புறங்களிலும் கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பொறுமையாகக் காதுகொடுக்கத் தெரிந்த முன்னாள் தோட்டத்து அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மாதம் ஒரு சம்பளமும் கொடுக்க யாராவது முன்வர வேண்டும்.