பத்மா நதியை வென்ற பாலம்

கங்கை என்று நாம் போற்றும் மாநதி, வங்காள தேசத்தினுட் புகுந்தபின் பத்மா என்னும் பெயரைப் பெறுகின்றது. பிரமபுத்திராவின் பெருநீரும் அதனுடன் கலக்கின்றது. தலைநகராகிய டாக்காவுக்கும் தென்மேற்கு மாவட்டங்களுக்கும் இடையே இந்நதி நெடுங்காலம் பெருந்தடையாய்க் கிடந்தது. அக்கரை செல்வோர் பாதைப்படகுக்காக மணிக்கணக்கிற் காத்திருந்தனர். 2014 ஆகஸ்ட் 4ஆந் திகதி, அளவுக்கு மிஞ்சிய பயணிகளை ஏற்றிவந்த ஒரு கலம் இந்நதியில் மூழ்கிற்று. பல நாள் தேடியும் அக்கலம் அகப்படவேயில்லை.

இத்தகைய நதிக்கு மேலே இன்று 6.15 கிலோமீற்றர் நீளமான பாலம் நிற்கின்றது. தலா 150 மீற்றர் நீளமுள்ள 41 உருக்குச் சட்டகங்களை 42 தூண்கள் தாங்குகின்றன. மேற்தட்டில் மோட்டார் வாகனங்கள் செல்லுகின்றன. கீழ்த்தட்டிற் புகையிரதம் ஓடுகின்றது.

ஆயினும், நாம் வியக்கவேண்டியது கண்ணுக்குத் தெரியாத பகுதியையே. பத்மாவின் அடியிற் பாறை இல்லை. மணலும் வண்டலுமே உள்ளன. பெருவெள்ளம் அம்மணலை 60 மீற்றர் ஆழம்வரை அரித்துச் செல்லக்கூடும் என்று பொறியியலாளர் கணக்கிட்டனர். ஆகவே, 3 மீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாய்களைச் சாய்வாக, 120 மீற்றருக்கும் அதிகமான ஆழம்வரை இறக்கினர். மேல்மண் கரைந்தோடினாலும், ஆழத்து மண்ணின் பிடி பாலத்தைக் காக்கும்.

பணத்தாலும் சோதனை நேர்ந்தது. ஊழற் சந்தேகத்தைக் காரணங்காட்டி, 120 கோடி டொலர்க் கடனை உலக வங்கி 2012இல் இரத்துச் செய்தது. அது தொடர்பாகக் கனடாவில் நடந்த வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டோர் 2017இல் விடுதலையாயினர். இதற்கிடையில் வங்காள தேசம் தன் சொந்தப் பணத்தைக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டது. கட்டியவர்கள் சீன நிறுவனத்தார்.

இப்பணிக்கு வழிகாட்டிய நிபுணர் குழுவின் தலைவர் பேராசிரியர் ஜமிலுர் ரேசா சௌத்ரி, 2020 ஏப்ரலிற் காலமானார். இறுதிச் சட்டகம் பொருத்தப்பட்டதோ அவ்வாண்டு டிசெம்பர் 10ஆந் திகதி. 2022 ஜூன் 25இல் வீதியும், 2023 ஒக்டோபரிற் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டன.

மாணவர்களே, அப்பேரறிஞர் தம் பாலத்தின் இரு கரைகளும் இணைந்ததைக் காணவில்லை. எனினும், அவர் வழிகாட்டிய அப்பாலத்தின்மீது இன்று ஒரு தேசம் நடமாடுகின்றது. கல்வியின் பயன் இதனினும் வேறுண்டோ?