நரிமலைக் கார் ஓட்டமும் நாம் நிற்கும் இடமும்

பதுளை மாவட்டத்தில், ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கிறது தியத்தலாவை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நடுவே புல்மேடுகள் நிறைந்த இராணுவ நகரம். அங்கே ஒரு குன்றின் சரிவில் வெள்ளைக் கற்களால் ஆன நரி உருவம் ஒன்று உண்டு. ‘ஃபொக்ஸ்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அமைத்தது என்பார்கள். அதனால்தான் அந்த இடத்துக்கு ஃபொக்ஸ் ஹில், அதாவது நரிமலை என்று பெயர்.

இந்த மண்ணுக்குப் போர் புதிதல்ல. 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுவந்து இங்கே முகாமில் அடைத்தார்கள். அதே போரில் தென்னாபிரிக்க முகாம்களில் இருபதாயிரத்துக்கும் அதிகமான பெண்களும் பிள்ளைகளும் நோயாலும் போதிய உணவின்றியும் மடிந்தார்கள். முகாம் வாழ்க்கையை அறிந்த நம் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மலைநாட்டுக்கும் கார் ஓட்டப் போட்டிக்கும் உள்ள உறவும் பழையதுதான். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட தேயிலைத் தோட்டப் பாதையில் 1934இலேயே மலையேற்றப் போட்டி தொடங்கிவிட்டது. தியத்தலாவையில் நரிமலைப் போட்டி 1993இல் ஆரம்பமானது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் செம்மண் பறக்க, மேடு பள்ளங்களில் துள்ளிப் பாயும் ஓட்டம் அது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலம் என்றால் குடும்பம் குடும்பமாகச் சனம் திரளும்.

அப்படித் திரண்ட ஒரு நாள்தான் 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. சில ஆண்டுகள் நடைபெறாதிருந்த போட்டி மீண்டும் நடந்தது. பாதையை விட்டு விலகிய கார் ஒன்று சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விடுமுறையைக் கழிக்கப் போனவர்களின் வீடுகளில் வெள்ளைக்கொடி பறந்தது.

கண்ணிவெடிப் பலகையைப் பார்த்துப் பார்த்து நடந்தவர்கள் நாம். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் ஆபத்து என்பதை வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தோம். ஆனால் வேடிக்கை பார்க்கப் போகும் இடத்தில் அந்தக் கோட்டை மறந்துவிடுகிறோம். கோட்டைச் சரியான இடத்தில் போடுவது நடத்துபவர்களின் கடமை. அதைக் கேட்பதும் மதிப்பதும் நமது உரிமையும் பொறுப்பும் ஆகும்.

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்ற இடம் உண்டு. 1943இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறக்கப்பட்ட விமானத்தளம் அது. போர் முடிந்த பின் அதே தளம் கார் ஓட்டப் பாதையானது. 1950 மே 13ஆம் திகதி ஃபோர்மியுலா ஒன் உலகப் போட்டித் தொடரின் முதல் ஓட்டம் அங்கேதான் நடந்தது. பழைய விமானக் கொட்டகை ஒன்றில் 2019இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கூடமல்ல. தொட்டுப் பார்க்கலாம், இயக்கிப் பார்க்கலாம். கார் எப்படி ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்பதைச் சிறுவர்கள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

பெண்களுக்கும் இந்த விளையாட்டில் வரலாறு உண்டு. ஃபோர்மியுலா ஒன் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. 1975இல் ஸ்பெயினில் 6ஆம் இடம் பெற்றார். அவருக்குக் கிடைத்தது அரைப் புள்ளிதான். கார் ஒன்று தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உயிர்கள் போனதால் ஓட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. எல்லோருக்கும் பாதிப் புள்ளிகளே கிடைத்தன. வெற்றியின் கணக்கிலும் சாவின் நிழல் விழுந்த நாள் அது.

நமது ஊரில் அப்படி ஓர் அருங்காட்சியகம் இல்லாவிட்டாலும், அது சொல்லித்தரும் பாடத்தை நாமே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்:

1. மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடந்துவிடும். கண்டபின் ஓடித் தப்பலாம் என்று எண்ண வேண்டாம்.

2. வளைவின் வெளிப்புறத்தில் நிற்காதீர்கள். பிடி தவறிய கார் வளையாது, நேரே பாயும். பாதையை விட உயரமான இடத்தில், உறுதியான தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள்.

3. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு கார் கவிழ்ந்தால் பார்க்க ஓடாதீர்கள். அடுத்த கார் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

4. பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டைப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். தவறிப்போனால் சந்திக்கும் இடத்தை முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

5. இயந்திரம் வெடிப்பது போன்ற சத்தம் எழுப்பும். ஷெல் சத்தம் கேட்டவர்களுக்கு நெஞ்சு படபடக்கலாம், பழைய நினைவு வரலாம். அது கோழைத்தனமல்ல. எழுந்து தூரப் போய் அமருங்கள். கூட வந்தவரிடம் சொல்லுங்கள்.

கொழுந்து பறித்து, குடும்பத்தைச் சுமந்து, இழந்தவர்களை நினைத்து வாழும் பெண்ணுக்கும் ஒரு நாள் சிரித்து மகிழ உரிமை உண்டு. அந்த நாளுக்குப் போகுமுன், பிள்ளையை எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிப்போம். இடம் பாதுகாப்பில்லை என்று பட்டால், டிக்கட் காசு போனாலும் பரவாயில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவோம்.