லண்டனில் காலை பத்து மணி என்றால் நாமக்கல்லில் எத்தனை மணி?

நம் டிரஸ்டின் உதவித்தொகையில் படித்த மாணவி ஒருவருக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து இணையவழி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மார்ச் கடைசி ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, லண்டன் நேரம் காலை 10 மணி. "எத்தனை மணி வித்தியாசம் பாய்?" என்று அவருடைய தந்தை கேட்டார். ஜனவரியில் வேறொரு பையனுக்குச் சொன்ன நினைவில், "ஐந்தரை மணி நேரம், மாலை மூன்றரைக்கு உட்காரச் சொல்லுங்கள்" என்றேன். பிள்ளை மூன்றேகாலுக்கே நம் அலுவலகக் கணினி முன் அமர்ந்தது. நேர்காணலோ நம் இரண்டரை மணிக்கே தொடங்கி, ஆள் வரவில்லை என்று மூடப்பட்டிருந்தது. தவறு முழுவதும் என்னுடையது. மன்னிப்புக் கேட்டு எழுதியதில் வேறு நாள் தந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் அப்படிக் கிடைக்காது.

நடந்தது இதுதான். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணியானதும் கடிகாரத்தை இரண்டு மணிக்குத் தள்ளி வைக்கிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி பின்னுக்கு வைக்கிறார்கள். ஆகவே நமக்கும் லண்டனுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி வித்தியாசம்.

எதற்கு இந்த ஏற்பாடு? லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. கோடையில் ஊர் தூங்கும்போதே விடிந்துவிடும். அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை மாலைப் பக்கம் மாற்றிக்கொள்வதே நோக்கம். முதல் உலகப் போரின்போது 1916-இல் ஜெர்மனி எரிபொருளை மிச்சப்படுத்த இதைத் தொடங்கியது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்பற்றியது. நம் நாமக்கல்லில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வேறுபாடுகூடக் கிடையாது. நமக்கு இது தேவைப்படாததற்குக் காரணம் அதுவே.

ஆனாலும் நம் நாடும் இதை அறியாததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. இலங்கையிலும் மின்தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் ஒரு மணி நேரம் கூட்டினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் மீண்டும் நம் நேரத்துக்கு வந்தார்கள்.

சூரியனுக்கு இந்த உத்தரவெல்லாம் தெரியாது. பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகள் "ஒரே நாளில் லுஹர் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். கடிகாரம்தான் நகர்ந்தது.

வளைகுடாவில் வேலை செய்வோர் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆண்டு முழுவதும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னே. துபாயும் ஓமானும் ஒன்றரை மணி நேரம் பின்னே. சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னே.

அமெரிக்காவில்தான் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கூட்டி, நவம்பர் முதல் ஞாயிறு குறைக்கிறார்கள். நியூயார்க்கிற்குக் குளிரில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். கிழமையும் மாறும்: ஜனவரியில் அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இங்கே ஞாயிறு காலை ஆறரை. சிட்னியில் எல்லாம் தலைகீழ். அவர்களுக்குக் கோடை நேரம் அக்டோபரில் தொடங்குகிறது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே, மற்ற மாதங்களில் நாலரை.

இன்னொரு நுட்பம். கடிதத்தில் 'ஜிஎம்டி' என்று இருந்தால், எந்த மாதமானாலும் ஐந்தரை மணி கூட்டுங்கள். கிரீன்விச் நேரம் கோடைக்காக மாறுவதில்லை. 'லண்டன் நேரம்' என்று இருந்தால் மாதத்தைப் பார்க்க வேண்டும். சிலர் கோடையிலும் பழக்கத்தில் ஜிஎம்டி என்றே எழுதிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால், "இந்திய நேரப்படி எத்தனை மணி?" என்று ஒரு வரி எழுதிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கைபேசியின் உலகக் கடிகாரத்தில் ஊரின் பெயரைச் சேர்த்தால் இன்றைய வித்தியாசம் தெரியும். ஆனால் நேர்காணல் அடுத்த மாதம் என்றால் இன்றைய வித்தியாசத்தை நம்பாதீர்கள். அந்தத் தேதியைப் போட்டுப் பார்க்க வேண்டும். முடியாதவர்கள் அழைப்புக் கடிதத்துடன் அஸருக்குப் பின் அலுவலகம் வாருங்கள், பார்த்துத் தருகிறோம்.